பாதை தேரும் மருந்துகள்

சத்திரசிகிச்சை முடிந்து விடுதிக்குக் கொண்டுவரப்பட்ட நோயாளி ஒருவரின் கட்டிலருகே தாதி நிற்கிறார். நோயாளிக்கு மோர்பீன் ஊசி ஏற்றப்பட்டிருக்கிறது. சற்று முன்னர் வரை வேதனையால் முனகிக்கொண்டிருந்தவர் இப்பொழுது கண்களை மூடி அமைதியாகக் கிடக்கிறார். ஆயினும் தாதியின் கவனம் தளரவில்லை. நிமிடத்திற்கு எத்தனை முறை நோயாளியின் மார்பு ஏறி இறங்குகிறது என்பதை அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். நோவைத் தணித்த அதே மருந்து, அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கிவிடும் என்பதை அவர் நன்கு அறிவார்.

அபினியிலிருந்து மோர்பீனைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் சேர்த்தூர்ணர் என்னும் ஜேர்மனிய மருந்தாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்த அக்காரியத்தின் பின்னர் இரு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. கடும் நோவைத் தணிப்பதில் மோர்பீனையும் அதன் இனத்து மருந்துகளையும் விஞ்சத்தக்கவை இன்றும் அரிதாகவே உள்ளன. அவற்றோடு வரும் தீங்குகளும் மாறவில்லை. மூச்சுத் தளர்கிறது, மலம் கட்டுகிறது, நாட்செல்லச் செல்ல அதே பயனைப் பெற மேலும் மேலும் மருந்து வேண்டியிருக்கிறது, ஈற்றில் மருந்தே மனிதனை ஆட்கொண்டுவிடுவதும் உண்டு. இவ்வினத்து மருந்துகளை அளவு மிஞ்சி உட்கொண்டு மூச்சடங்கி இறப்போர் உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரவர். பயனை வைத்துக்கொண்டு தீங்கை மாத்திரம் விலக்க இயலுமா என்பது வைத்திய விஞ்ஞானத்தின் நெடுநாளைய வினா. அதற்கு விடை தேடிய ஒரு முயற்சியின் வரலாறும், அது கற்பித்த பாடமும், அப்பாடத்தின் பயனாக வளர்ந்துவரும் பொதுத் தரவுக் களஞ்சியங்களும் இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் ஒரு மருந்து உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். விழுங்கிய மாத்திரை இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கிறது. எனினும் அது எல்லாக் கலங்களிலும் ஒரே விளைவை உண்டாக்குவதில்லை. சில கலங்கள் அம்மருந்தை அறிந்து அதற்கு இணங்க நடக்கின்றன. ஏனையவை அதனைப் பொருட்படுத்துவதேயில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோன் லங்லி என்னும் உடற்றொழிலியல் அறிஞர், தசையின் மீது நிக்கொட்டீனும் குராறே என்னும் நஞ்சும் செய்யும் வேலைகளை ஆராய்ந்தார். நிக்கொட்டீன் தசையைச் சுருங்கச் செய்தது. குராறே அச்சுருக்கத்தைத் தடுத்தது. தசைக்குச் செல்லும் நரம்பு பழுதுற்ற பின்னரும் இவ்விளைவுகள் நிகழ்ந்தன. ஆகவே தசைக் கலத்திலேயே இவ்விரு பொருள்களையும் ஏற்றுக்கொள்ளும் ஏதோவொன்று இருத்தல் வேண்டும் என்று 1905ஆம் ஆண்டில் அவர் முடிவு கூறினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியில் போல் ஏர்லிக்கும் இதனையொத்த கருத்தை வேறு வழியால் அடைந்திருந்தார். அந்த 'ஏதோவொன்று' இன்று வாங்கி எனப்படுகிறது. ஏற்பி என வழங்குவோரும் உளர்.

வாங்கி என்பது ஒரு புரத மூலக்கூறு. பெரும்பாலான வாங்கிகள் கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வில் பதிந்திருக்கும். அவற்றின் ஒரு முனை கலத்திற்கு வெளியேயும் மறுமுனை உள்ளேயும் நிற்கும். வெளியே ஓர் ஓமோனோ மருந்தோ வந்து பொருந்தியதும் வாங்கியின் உருவம் சிறிது மாறுகிறது. அம்மாற்றம் உட்புறத்தில் உள்ள வேறு புரதங்களுக்கு எட்டுகிறது. அவை அச்செய்தியைக் கலத்தின் உள்ளறைகளுக்குக் கடத்துகின்றன. இவ்வாறு செய்தி கடத்தப்படுவதையே சமிக்ஞை என்று விஞ்ஞானிகள் குறிப்பர். வீட்டுக்குள் நுழையாமலே வாயிற்கதவைத் தட்டிச் செய்தி சொல்லிவிட்டுச் செல்லும் தூதனைப் போல, மருந்து வெளியே நின்றபடியே கலத்தின் உள் வாழ்வை மாற்றிவிடுகிறது.

மனித உடலில் இத்தகைய வாங்கிகளுள் மிகப் பெரிய குடும்பம் ஒன்றுண்டு. அதன் உறுப்பினர் ஏறத்தாழ 800 வகையினர். ஒவ்வொன்றும் கல மென்சவ்வை ஏழு முறை ஊடுருவித் தைத்தாற்போல் அமைந்திருக்கும். இவற்றுள் ஏறத்தாழப் பாதி, மணத்தை அறிவதற்கென மூக்கில் அமைந்தவை. ஏனையவற்றுட் சில ஒளியை உணர்கின்றன. சில இதயத் துடிப்பை விரைவாக்குகின்றன. சில இரத்த அழுத்தத்தையும் உணவுச் சமிபாட்டையும் மனநிலையையும் ஆள்கின்றன. இக்குடும்பத்து வாங்கிகள் பெரும்பாலும் ஜி-புரதம் எனப்படும் ஓர் உள்ளிணைப்பின் வழியே செய்தி கடத்துவதால் ஜி-புரதம் இணைந்த வாங்கிகள் எனப் பெயர் பெற்றன. ஜி-புரதங்களைக் கண்டறிந்தமைக்காக அல்பிறெட் கில்மனும் மாட்டின் றொட்பெலும் 1994ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வாங்கிகளோடு அன்றாடம் தொடர்பு கொண்டிருப்பவர் பலர்; அதனை அவர்கள் அறியாதிருக்கலாம். இழுப்பு நோயாளர் உள்ளிழுக்கும் சல்பியூட்டமோல், இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் லொசாட்டன், தடிப்புக்கும் தும்மலுக்கும் உட்கொள்ளும் ஒவ்வாமை மாத்திரைகள் ஆகிய யாவும் இக்குடும்பத்து வாங்கிகளின் மீதே வேலை செய்கின்றன. உலகில் அங்கீகாரம் பெற்ற மருந்துகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இக்குடும்பத்தையே நாடுகின்றது. மோர்பீன் பொருந்துவதும் இக்குடும்பத்து வாங்கி ஒன்றிலேயே. அதற்கு மியூ ஓப்பியொயிட் வாங்கி என்று பெயர்.

நெடுங்காலமாக வாங்கியைப் பூட்டுக்கும் மருந்தைத் திறப்புக்கும் உவமை கூறி வந்தனர். சரியான திறப்பைப் போட்டால் பூட்டுத் திறக்கும்; தவறான திறப்பு உள்ளே சிக்கிக்கொண்டால் சரியான திறப்பும் நுழைய வழியில்லை. வாங்கியை ஏவும் மருந்துகளையும் தடுக்கும் மருந்துகளையும் விளக்க இவ்வுவமை போதுமாயிருந்தது. பூட்டு ஒன்றாயின் திறப்பதும் ஒன்றே என்பது அதில் அடங்கிய எண்ணம். அந்த எண்ணமே பின்னர் திருத்தம் வேண்டி நின்றது.

அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் றொபேட் லெவ்கோவிற்ஸ் என்னும் வைத்திய அறிஞர் அதிரீனலின் வாங்கிகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்தார். 1986ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் அவ்வாங்கிகளுள் ஒன்றின் பரம்பரை அலகைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை வெளியிட்டனர். அக்குழுவில் இருந்தவருள் ஒருவர் பிறையன் கொபில்கா. வாங்கியும் ஜி-புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் கோலத்தை 2011ஆம் ஆண்டில் கொபில்காவின் குழு படமாக்கிக் காட்டியது. இவ்விருவரும் 2012ஆம் ஆண்டில் இரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

லெவ்கோவிற்ஸ் குழுவினர் ஆராய்ந்த மற்றுமொரு புரதம் பீற்றா அரெஸ்டின் என்பது. தடுத்து நிறுத்துவது என்ற பொருளிலேயே அதற்கு அப்பெயர் வந்தது. வாங்கி ஏவப்பட்டுச் சிறிது நேரம் கழிந்ததும் இப்புரதம் வந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டியதும் ஜி-புரதம் வாங்கியை அணுக முடியாது. சமிக்ஞை ஓய்ந்துவிடும், வாங்கியும் கலத்தின் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். இதனால் அரெஸ்டினை ஒரு காவற்காரன் என்றே முதலில் கருதினர். 1990களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வுகள் அக்காவற்காரனுக்கு வேறு தொழிலும் உண்டெனக் காட்டின. அரெஸ்டின் ஒரு செய்தியை நிறுத்தும் அதே வேளையில் தானும் ஒரு செய்தியைக் கலத்தினுள் அனுப்புகிறது. எனவே ஒரு வாங்கியிலிருந்து குறைந்தது இரு பாதைகள் பிரிகின்றன எனத் தெளிவாயிற்று.

குளத்து மதகு ஒன்றிலிருந்து இரு வாய்க்கால்கள் பிரிந்து செல்வதாகக் கொள்ளலாம். மதகைத் திறந்தால் இரண்டிலும் நீர் ஓடும். ஆயின் பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்தால் ஒரு வாய்க்காலுக்கு நீர் மிகுந்தும் மற்றதற்குக் குறைந்தும் போகும். மருந்துகளும் இவ்வாறே வாங்கியின் உருவத்தைச் சிறிது வெவ்வேறாகச் சாய்க்கக்கூடும். ஒரு மருந்து ஜி-புரதப் பாதைக்கும், வேறொரு மருந்து அரெஸ்டின் பாதைக்கும் முதன்மை கொடுக்கும். ரெறி கெனக்கின் முதலிய மருந்தியல் அறிஞர்கள் 1990களில் இக்கருத்தை வலியுறுத்தினர். இதுவே இன்று பக்கச்சார்புச் சமிக்ஞை என வழங்குகிறது.

இக்கருத்து எழுந்ததும் மருந்து ஆராய்ச்சியாளர் உள்ளத்தில் ஒரு பெருநம்பிக்கை பிறந்தது. வாங்கியின் நற்பயன் ஒரு பாதையாலும் தீங்கு மற்றொரு பாதையாலும் விளைவதாயின், நல்ல பாதையை மாத்திரம் திறக்கும் மருந்தைச் செய்யலாமன்றோ? மோர்பீனைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு ஆதாரமும் கிடைத்தது. டியூக் சர்வகலாசாலையில் லோறா போனும் அவருடன் ஆய்ந்தோரும் பீற்றா அரெஸ்டின் 2 என்னும் புரதமே இல்லாத சுண்டெலிகளுக்கு மோர்பீன் கொடுத்துப் பார்த்தனர். சாதாரண எலிகளைக் காட்டிலும் அவற்றில் நோவு கூடுதலாகவும் நெடுநேரமும் தணிந்திருந்தது. இது 1999ஆம் ஆண்டிற் பிரசுரமாயிற்று. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அத்தகைய எலிகளில் மூச்சுத் தளர்வும் மலக்கட்டும் குறைந்திருந்தன எனத் தெரிவித்தது. நோவைத் தணிப்பது ஜி-புரதம். மூச்சை அடக்குவது அரெஸ்டின் என்ற எண்ணம் பரவியது.

இதனை நம்பி ஒலிசெரிடீன் என்னும் புதிய மருந்து உருவாக்கப்பட்டது. அது ஜி-புரதப் பாதையைச் சார்ந்து அரெஸ்டினைப் பெரிதும் விலக்குவது என்று கூறப்பட்டது. 2016ஆம் ஆண்டில் பி.இசட்.எம். 21 என்னும் வேறொரு பொருளின் செய்தி வெளிவந்தது. மியூ வாங்கியின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் வைத்து, 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக அதனோடு பொருத்திப் பார்த்துத் தேர்ந்து, பின்னர் செப்பனிட்டு ஆக்கிய பொருள் அது. மூச்சைத் தளர்த்தாத நோவு நீக்கி வந்துவிட்டது என்றே பலர் எண்ணினர்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை நிதானத்தைக் கற்பித்தன. பி.இசட்.எம். 21 சுண்டெலிகளில் மூச்சைத் தளர்த்துகிறது என்று 2018ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர் அறிவித்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு ஒலிசெரிடீனுக்கு எதிராக 8க்கு 7 என்ற வாக்குகளால் முடிவு கூறியது. நவம்பரில் அனுமதியும் மறுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஓகஸ்டில் வைத்தியசாலைகளிற் கட்டுப்பாட்டுடன் நாளத்தில் ஏற்றுவதற்கு அம்மருந்து அனுமதி பெற்றது. ஆயினும் மூச்சடங்கும் அபாயம் பற்றி அவ்வினத்து ஏனைய மருந்துகளுக்கு இடப்படும் கடும் எச்சரிக்கை அதற்கும் இடப்பட்டது.

இவை யாவற்றிலும் ஆழமான ஐயம் அந்த எலிகளைப் பற்றியே எழுந்தது. ஜேர்மனி, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வுகூடங்கள் அரெஸ்டின் இல்லாத எலிகளுக்கு மோர்பீன் கொடுத்துத் தனித்தனியே பரிசோதித்தன. மூன்றிடத்திலும் எலிகளின் மூச்சு, சாதாரண எலிகளின் மூச்சைப் போலவே தளர்ந்தது. இது 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. புதிய மருந்துகளின் நற்குணத்திற்குப் பக்கச்சார்பு காரணமன்று, அவை வாங்கியை மெலிதாக மாத்திரமே ஏவுவதுதான் காரணமாகலாம் என்று அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு விளக்கியது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. திறமை வாய்ந்த ஆய்வாளர்கள், நேர்மையாகச் செய்த பரிசோதனைகள், உயர்ந்த சஞ்சிகைகளிற் பிரசுரமான முடிவுகள் இவையெல்லாம் இருந்தும் ஒரு மருந்து பக்கச்சார்புடையதா, வெறுமனே மெலிந்ததா என்பதிலே இத்துணைக் குழப்பம் எவ்வாறு நேர்ந்தது? விடை, அளக்கும் முறையில் இருக்கிறது.

வானொலிக் கேட்போர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒருவர் மிக மெல்லிய குரலிற் பேசுகிறார் என்று வைத்துக்கொள்க. ஒரே பேச்சு இரு வானொலிப் பெட்டிகளில் வருகிறது. ஒன்றில் ஒலி மிகக் கூட்டி வைக்கப்பட்டுள்ளது. மற்றதில் மிகக் குறைத்து வைக்கப்பட்டுள்ளது. முதலாவதன் அருகே இருப்பவருக்குப் பேச்சுத் தெளிவாகக் கேட்கும். இரண்டாவதன் அருகே இருப்பவர் ஒன்றுமே கேட்கவில்லை என்பார். பேச்சாளர் முதலாவது வீட்டுக்கே பக்கச்சார்பாகப் பேசினார் என்று முடிவு கட்டினால் அது தவறு. கலத்தினுள்ளும் நிகழ்வது இதுவே. ஜி-புரதப் பாதையிற் சமிக்ஞை பன்மடங்கு பெருக்கப்படுவதுண்டு. அரெஸ்டின் பாதையில் அத்துணைப் பெருக்கம் இல்லை. ஆதலின் வாங்கியை மெலிதாக ஏவும் ஒரு மருந்து முதலாவது பாதையில் நல்ல விளைவைக் காட்டி, இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். பார்ப்போர் அதனைப் பக்கச்சார்பு என்று எண்ணிவிடுவர்.

இப்பிழையைத் தவிர்க்கும் வழி, ஒவ்வொரு மருந்தையும் நன்கறிந்த வேறொரு பொருளோடு பக்கத்தில் வைத்து அளப்பதாகும். அதனை ஒப்புநோக்குப் பொருள் எனலாம். இரு பொருள்களும் ஒரே பெட்டியினூடாகக் கேட்கப்பட்டால் பெட்டியின் பெருக்கம் இரண்டிற்கும் பொதுவாகிவிடும். எனவே பக்கச்சார்பு என்பது எப்பொழுதும் ஒப்பீடே. ஒரு மருந்து தனித்து நின்று பக்கச்சார்புடையதாக இராது; ஒப்புநோக்குப் பொருளை விட இந்தப் பாதையை இத்துணை மடங்கு கூடுதலாகச் சார்கிறது என்றே கூற இயலும்.

ஒப்புநோக்குப் பொருளைத் தெரிவதிலும் ஓர் இடர் உண்டு. உதாரணத்திற்கு ஒரு கற்பனைக் கணக்கை நோக்குக. புதிய மருந்தொன்று, ஓர் ஆய்வுகூடம் தெரிந்த ஒப்புநோக்குப் பொருளோடு ஒப்பிடுகையில் ஜி-புரதப் பாதையை 10 மடங்கு கூடுதலாகச் சார்வதாகக் காண்கிறது. வேறோர் ஆய்வுகூடம் வேறொரு பொருளைத் தெரிகிறது. அப்பொருளே முதலாவது பொருளை விட 10 மடங்கு ஜி-புரதத்தைச் சார்ந்தது. அந்த ஆய்வுகூடத்தின் கணக்கிற் புதிய மருந்துக்கு எந்தப் பக்கச்சார்பும் இல்லை. இரு கூடங்களும் உண்மையே உரைக்கின்றன. எனினும் இரண்டையும் ஒருங்கே படிப்பவர் ஒன்றை ஒன்று மறுப்பதாக எண்ணி மயங்குவர். ஓர் ஊரிற் கொத்தால் அளந்த நெல்லையும் மற்றோர் ஊரிற் புசலால் அளந்த நெல்லையும் அளவுக் கருவியின் பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையை மாத்திரம் கூறி ஒப்பிட்டாற்போன்றது இது.

இவற்றோடு வேறு வேறுபாடுகளும் சேர்கின்றன. ஓரிடத்தில் மனித வாங்கி, ஓரிடத்தில் எலியின் வாங்கி. ஓரிடத்தில் மருந்திட்ட சில நிமிடங்களில் அளவு எடுக்கப்படுகிறது. ஓரிடத்தில் அரை மணிக்குப் பின்னர். வாங்கியோடு விரைந்து பொருந்தும் மருந்தும் மெல்லப் பொருந்தும் மருந்தும் முந்திய அளவில் ஒருவிதமாகவும் பிந்திய அளவில் வேறுவிதமாகவும் தோன்றும். ஆகவே ஒரு முடிவோடு அது பெறப்பட்ட நிலைமைகள் யாவும் எழுதப்படல் வேண்டும். ஆயிரக்கணக்கான கட்டுரைகளிற் சிதறிக் கிடக்கும் முடிவுகளை ஓரிடத்திற் சேர்த்து, ஒரே ஒழுங்கில் அடுக்கி, எவரும் பார்த்து ஒப்பிடத்தக்கதாக வைத்தல் வேண்டும். பொதுத் தரவுக் களஞ்சியத்தின் தேவை இங்குதான் பிறக்கிறது.

உயிரியலில் இத்தகைய பொதுமை புதிதன்று. புரதங்களின் முப்பரிமாண உருவங்களைச் சேமித்து வைக்கும் புரதத் தரவு வங்கி 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் 7 உருவங்களோடு தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் இருப்பு 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய உருவமொன்றைக் கண்டறிந்தவர் அதனை வங்கியில் ஒப்படைத்தல் வேண்டும் என்று விஞ்ஞான சஞ்சிகைகள் விதி செய்தமை அவ்வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது. மியூ வாங்கியின் உருவமும் 2012ஆம் ஆண்டு முதல் அவ்வங்கியிற் பொதுச் சொத்தாக இருக்கிறது.

ஜி-புரதம் இணைந்த வாங்கிகளுக்கெனத் தனியானதொரு தரவுத்தளம் 1990களில் ஐரோப்பிய ஆய்வாளர் சிலரால் தொடங்கப்பட்டது. இன்று டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் சர்வகலாசாலை அதனைப் பேணி வருகிறது. வாங்கிகளின் அமைப்பு, அவற்றின் முப்பரிமாண உருவங்கள், பொருந்தும் மருந்துகள், பரம்பரையால் வரும் வேறுபாடுகள் ஆகிய யாவும் அங்கு ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன. சர்வதேச மருந்தியல் ஒன்றியமும் பிரித்தானிய மருந்தியற் சங்கமும் இணைந்து நடத்தும் மருந்தியல் வழிகாட்டி என்னும் தரவுத்தளம் ஸ்கொத்லாந்தின் எடின்பறோவிலிருந்து தொகுக்கப்படுகிறது. எந்த வாங்கிக்கு எப்பெயர், எந்த மருந்து அதன் மீது எவ்வாறு செயற்படுகிறது என்பனவற்றை அறிஞர் குழுக்கள் பரிசீலித்த பின்னரே அதில் ஏற்றுகின்றனர்.

பக்கச்சார்பைப் பொறுத்தவரை முதலில் வேண்டியிருந்தது ஒரு பொது மொழி. பல நாட்டு ஆய்வாளர் கூடி, பக்கச்சார்பை எவ்வாறு பரிசோதிப்பது, எவ்வாறு கணக்கிடுவது, எந்த விவரங்களைத் தவறாது வெளியிடுவது என்பன பற்றிய நெறிமுறைகளைச் சர்வதேச ஒன்றியத்தின் சார்பில் 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒப்புநோக்குப் பொருளின் வகையையும் வெளிப்படையாகக் குறிப்பிடல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உடலில் இயல்பாகச் சுரக்கும் பொருளோடு ஒப்பிட்டதா, இரு பாதைகளையும் சமமாக ஏவும் பொருளோடு ஒப்பிட்டதா என்பது தெரிந்தாலன்றி ஒரு முடிவின் பொருள் விளங்காது என்பதே காரணம்.

இந்நெறிமுறைகளுக்கு இணங்க அமைந்ததே பக்கச்சார்புச் சமிக்ஞைப் படத்தொகுதி. கோப்பன்ஹேகன் குழுவினர் 2023ஆம் ஆண்டில் இதனைப் பற்றி வெளியிட்டனர். பிரசுரமான கட்டுரைகளிலிருந்து பரிசோதனை எண்களை மனிதர் வாசித்து எடுத்து, வாங்கி எது, மருந்து எது, ஒப்புநோக்குப் பொருள் எது, எந்தக் கலம், எந்தப் பாதை என்னும் விவரங்களோடு அங்கு பதிந்திருக்கின்றனர். வாசிப்பவர் தமக்கு வேண்டிய ஒப்புநோக்குப் பொருளைத் தாமே தெரிந்து கணக்கை மீண்டும் செய்வித்துப் பார்க்கவும் வழியுண்டு. கொத்துக் கணக்கைப் புசற் கணக்காக மாற்றிப் பார்ப்பது போன்றது அது. முன்னர் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றிய முடிவுகள் சில வேளைகளில் ஒன்றாகிவிடும். அன்றி ஒன்றாகத் தோன்றியவை வேறு வேறாகி, மேலும் ஆராயவேண்டியது எது என்பதைக் காட்டிவிடும். இத்தகைய களஞ்சியங்கள் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. செல்வம் மிகுந்த மருந்து நிறுவனத்து ஆய்வாளரும் சிறிய நாடொன்றின் சர்வகலாசாலை மாணவரும் ஒரே ஏட்டைப் புரட்டும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது.

எனினும் களஞ்சியத்தின் எல்லையையும் உணர்தல் வேண்டும். உள்ளே இடப்படும் நெல்லின் தரத்தை விடக் களஞ்சியத்தின் தரம் உயராது. கட்டுரையில் எழுதப்படாத விவரத்தைத் தொகுப்பவர் உண்டாக்க இயலாது. வெற்றி பெறாத பரிசோதனைகள் பெரும்பாலும் வெளிவருவதில்லை; மருந்து நிறுவனங்கள் தம்மிடமுள்ள அளவுகள் பலவற்றை மறைத்தே வைக்கின்றன. ஒரு மருந்து பயனற்றதென நிறுவும் முடிவு, அடுத்தவர் அதே வழியிற் பொருளையும் காலத்தையும் வீணாக்காது தடுக்கும் அறிவாகும். அதனை மறைப்பது எல்லாருக்கும் இழப்பு. மேலும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த கலம் வேறு, மூச்சு விடும் மனிதன் வேறு. இதய நோயாளருக்கெனப் பக்கச்சார்பை நம்பி உருவாக்கிய வேறொரு மருந்தும் மனிதரிடம் பரிசோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கிண்ணத்தில் கண்ட சார்பு உடலிலும் நிலைக்குமா என்பது ஒவ்வொரு மருந்துக்கும் தனியே கேட்கப்படவேண்டிய கேள்வி.

இவ்வளவும் கூறியதனால் பக்கச்சார்புச் சமிக்ஞை என்னும் கருத்தே பொய்த்துவிட்டது என்று கொள்ளலாகாது. ஒரு வாங்கியிலிருந்து பல பாதைகள் பிரிகின்றன என்பதும், மருந்துகள் அவற்றை வெவ்வேறு அளவில் ஏவுகின்றன என்பதும் உறுதியாக நிலைபெற்றவை. எந்தப் பாதை எந்த விளைவுக்குக் காரணம் என்று அவசரப்பட்டுச் சொன்னதிலேதான் பிழை நேர்ந்தது. அப்பிழையைக் கண்டறிந்தவர்களும் விஞ்ஞானிகளே. மூன்று நாட்டார் ஒரே பரிசோதனையை மீண்டும் செய்து தம் எண்களை ஒருங்கே வெளியிட்டமையாற்றான் அது துலங்கியது. அவ்வாறு ஒப்பிடுவதை ஒரு தற்செயலான நிகழ்ச்சியாக விடாமல் நாளாந்த வழக்கமாக்குவதே பொதுக் களஞ்சியங்களின் நோக்கம்.

தொடக்கத்திற் கண்ட விடுதியில் தாதி இன்னும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருடைய கவலையைப் போக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. வரும்போது அது ஒரு தனி மனிதரின் திறமையால் மாத்திரம் வந்துவிடாது. பல நாட்டு ஆய்வுகூடங்களில் எடுக்கப்பட்ட அளவுகள் ஒரே ஏட்டிற் சேர்ந்து, ஒரே அளவுகோலால் நோக்கப்பட்டு, தவறியவையும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருந்தால் அந்த மருந்தைத் தேடுவோர் முன்னவர் இடறிய இடத்தில் மீண்டும் இடறமாட்டார்கள். அதனால் மிஞ்சும் ஒவ்வோர் ஆண்டும், நோவோடும் மூச்சுத் தளர்வோடும் போராடும் நோயாளருக்குக் கிடைக்கும் ஆண்டாகும்.